இரண்டு ரேடியோக்களும் ஒரு வேலியும்

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் இனி ரேடியோ கேட்க முடியாது. வருத்தத்தில் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். எதிர்வீட்டு எல்.இ.டி. பல்பு கத்துகிறது. பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் உறுமுகிறது. கீழ்வீட்டுக்காரர் மின்சார ஸ்கூட்டரைச் சார்ஜில் போட்ட நிமிடத்தில், மத்திய அலை முழுவதும் யாரோ தகரத்தைத் தார்ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். போய்ச் சொன்னால், "எங்களுக்கு ஒண்ணும் கேக்கலியே சார்" என்கிறார்கள். கேட்காது. மனிதக் காதுக்குக் கேட்காது. ரேடியோவுக்குத்தான் கேட்கும். ஊர் முழுக்க ஓயாமல் கத்திக்கொண்டிருக்கிறது, ஊருக்கே தெரியவில்லை.

தூரத்து நிலையங்களைப் பிடித்துக் கேட்பது என் பொழுதுபோக்கு. பாட்டுக்காக இல்லை, செய்திக்காகவும் இல்லை. தாய்லாந்தில் எங்கோ ஒருத்தி வானிலை வாசிக்கிறாள். அந்தக் குரல் வங்காள விரிகுடாவைத் தாண்டி, மேலே முட்டி, கீழே விழுந்து, பாதி கரைந்து, என் காதுக்கு வந்து சேர்கிறது. மொழி தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது? வந்துவிட்டது, அதுதான் விஷயம். ஐம்பதை நெருங்கும் ஒருவனுக்கு, அவனைத் தேடி என்று இல்லாமலே ஒன்று அவ்வளவு தூரம் வந்துவிடுவது பெரிய விஷயம்.

எங்களில் மூன்று பேர் ஒவ்வொரு தை மாதமும், மழையும் இடியும் ஓய்ந்தபின், ஊரின் இரைச்சலுக்குத் தப்பி வெளியே போவோம். எங்காவது ஒரு வயல்வெளி, உயர்ந்த மரத்தில் கட்டிய நீளக் கம்பி, கார் பேட்டரி, ஒரு சாயங்காலம். அந்த வருடம் போனது களக்காட்டுக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் ஒரு வாழைத்தோட்டத்துக்கு. போன காரியம், இரண்டு ரேடியோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. எங்களைப் போன்ற கிறுக்கர்கள் மட்டும் படிக்கிற ஒரு சிறு மாதத்தாளுக்கு நான் அதை எழுதித் தருவதாக ஏற்பாடு.

இரண்டுமே கம்ப்யூட்டரால் ஓடுபவை. திருகக் குமிழ் இல்லை, முள் இல்லை, முகமே இல்லை. மடிக்கணினியின் திரையில்தான் எல்லாம். ஒன்று கறுப்புப் பெட்டி, செங்கல் கனம். உள்ளே ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனி வடிகட்டி. கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருடையது. அவரைப் பெட்டிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். மற்றது பென் டிரைவ் அளவு குச்சி. வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கும், என் வயதை ஒட்டிய ஒருவருடையது. அவர் குச்சிக்காரர்.

போகிற வழி முழுக்க இரண்டு பேரும் சண்டை.

"அண்ணாச்சி, ஒங்க பெட்டி விலைக்கு என் குச்சி மாதிரி ஒரு சாக்கு வாங்கலாம்."

"ஏலே, உன் குச்சி பல்லு குத்தத்தான் ஆவும். உள்ளூர் ஸ்டேஷன் ஒண்ணையே ஏழு எடத்துல காட்டும். அத எண்ணிட்டு, ஏழு ஸ்டேஷன் புடிச்சேம்பான்."

"ஒங்க பெட்டி கண்ணு முழிக்கதுக்குள்ள நான் ஏழையும் கேட்டு முடிச்சிருவேன்."

எனக்கு இரண்டு பேர் மேலும் அப்போதே எரிச்சல். இவர்கள் காதால் பேசுவதில்லை, எண்ணால் பேசுகிறார்கள். எத்தனை டெசிபல், எத்தனை பிட். அந்த வானிலைக்காரி வந்தாளா என்று ஒருவரும் கேட்கவில்லை.

தோட்டம், பெட்டிக்காரர் ஆய்வகத்தில் இருந்த காலத்தில் அங்கே படித்த ஒருவருடையது. அவர் இன்னும் பெட்டிக்காரரை எழுந்து நின்று "சார்" என்றுதான் கூப்பிடுவார். முழுவதும் ஏத்தன் வாழை, நேந்திரம் என்பார்களே அது. ஒவ்வொரு மரத்துக்கும் முட்டுக் கொடுத்து, தார்கள் தரையைப் பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்தன. கேரளத்து வியாபாரி வந்து பார்த்துப் பேசி முடித்துவிட்டுப் போயிருந்தார். அடுத்த மாதம் வெட்டு. அந்த ஒரு வெட்டில்தான் அவர்களுடைய வருடம் இருந்தது. இருட்டினால் காட்டுப்பன்றி இறங்கும். அதனால் தோட்டத்தைச் சுற்றிச் சோலார் வேலி. மோட்டார் அறைச் சுவரில் அதன் எந்திரம் தொங்கியது; பொழுது சாயும்போது அதைப் போட்டுவிடுவது அவர் மனைவியின் வேலை. அது அவர் பொறுப்பு என்று முதல் பத்து நிமிடத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. கணவர் அதை மூன்று தடவை சொன்னார். சொன்னதில் பெருமை இல்லை, மிரட்டல் இருந்தது.

"அவ ஒரு நாளு மறந்தா போதும் சார். வருசம் போச்சு."

கம்பியைத் தென்னையில் கட்டினோம். ஒரே கம்பி, இரண்டு கிளையாகப் பிரித்து, ஒன்று பெட்டிக்கு, ஒன்று குச்சிக்கு. இரண்டு மடிக்கணினிகளும் சாயங்காலம் முழுவதையும் பதிவு செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று நான் கறாராகச் சொல்லியிருந்தேன். பிற்பாடு நான் கேட்டது, நீ கேட்டது என்று ஒருவரும் பேசக்கூடாது. இந்த ரேடியோக்கள் ஒரு நிலையத்தை மட்டும் பதிவதில்லை. மத்திய அலை முழுவதையும் அப்படியே அள்ளிக்கொள்ளும். மறுநாள் அந்த நேரத்துக்கே திரும்பிப் போய், எந்த மூலையில் வேண்டுமானாலும் காதை வைக்கலாம்.

சூரியன் மலைக்குப் பின்னால் போனது. இருட்டு கிழக்கிலிருந்து வருகிறது என்பது ரேடியோ கேட்பவனுக்குத்தான் உடம்பில் தெரியும். மலை இன்னும் சிவந்திருக்கும்போதே, கிழக்கே கடலுக்கு அப்பால் இரவாகிவிட்ட ஊர்களிலிருந்து ஒவ்வொரு குரலாக எழும்பும். முதலில் மூச்சு மாதிரி. பிறகு ஒரு மணியோசை. பிறகு யாரோ சிரிக்கிறார்கள். என் மாடியில் பல வருடமாகக் கேட்காத அமைதி அது. இலங்கை வந்தது. அந்தமான் பக்கம் ஏதோ ஒன்று வந்தது. நான் கண்ணை மூடியிருந்தேன்.

டக்.

டக்.

டக்.

இரண்டு ரேடியோவிலும். எல்லா அலைவரிசையிலும். நாடித்துடிப்பு மாதிரி, வினாடிக்கு ஒன்று. திரையில் நிறங்கள் அருவி மாதிரி மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தன. அதன் குறுக்கே ஒழுங்கான இடைவெளியில் வெள்ளைக் கோடுகள் விழ ஆரம்பித்தன.

மோட்டார் அறைப் பக்கமிருந்து தோட்டக்காரரின் மனைவி வந்தார். தலையில் புல்லுக்கட்டு. எங்களைத் தாண்டும்போது நின்றார்.

"சார், வேலி போட்டுட்டேன். கம்பிப் பக்கம் போவாதீங்க. சுண்டிவிட்டுரும்."

"சரிம்மா" என்று மூன்று பேரும் சொன்னோம். மூன்று பேரும். எழுதும்போது இந்த இடத்தில் என் பேனா அழுந்துகிறது.

வேலிதான் துடித்தது. கம்பியில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாய்கிறது அல்லவா, ஒவ்வொரு பாய்ச்சலையும் ரேடியோ கேட்கிறது. ஊரின் கத்தலுக்குத் தப்பி வந்தால், காட்டின் ஓரத்தில் ஒரு வாழைத்தோட்டம் எங்கள் காதில் சொடுக்குப் போடுகிறது.

"இப்பம்தான் நெசமான பரீச்சை" என்றார் பெட்டிக்காரர், கையைத் தேய்த்துக்கொண்டே. அவருடைய மடிக்கணினி நிரலில் இப்படிப்பட்ட சொடுக்குகளை அமுக்க ஒரு கட்டம் உண்டு. அதை அழுத்தினார். சத்தம் பாதியாகக் குறைந்தது, போகவில்லை. குச்சிக்காரரின் நிரலிலும் அப்படி ஒன்று உண்டு. அழுத்தினார். குறையவே இல்லை, குரல்தான் நசுங்கியது.

"என்னவே, பல்லுக்குச்சி மொறிஞ்சிட்டோ?"

குச்சிக்காரரின் முகம் சிறுத்துப் போனது. கொஞ்ச நேரம் திரையில் எதையெதையோ நகர்த்திப் பார்த்தார். பிறகு, "ஒண்ணுக்குப் போயிட்டு வாரேன்" என்று எழுந்து மோட்டார் அறைப் பக்கம் போனார்.

அங்கே போய் வேலியை அணைத்தார்.

இதை அப்போது நான் பார்க்கவில்லை. அவர் திரும்பி வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார். சொடுக்கு நின்றிருந்தது. பெட்டிக்காரரோ அந்த நேரத்தில் தன் நிரலில் ஒரு அளவைக் கூட்டிக்கொண்டிருந்தார். தானே கொன்றுவிட்டதாக நினைத்தார். "பாத்தீரா, ஒரு சத்தம் இருக்கா?" என்று என் தொடையில் தட்டினார். குச்சியையும் கேட்டேன். அதிலும் சத்தம் இல்லை. "நானும் சரி பண்ணிட்டேன்லா" என்றார் குச்சிக்காரர். நான், சாயங்காலம் முழுக்க எண்ணால் பேசுகிறவர்களை மனதுக்குள் ஏசிக்கொண்டிருந்தவன், இரண்டு ரேடியோக்களும் இரைச்சலை அற்புதமாக வெல்கின்றன என்று குறித்துவைத்தேன். வெல்ல அங்கே இரைச்சலே இல்லை. அணைத்த விளக்கைப் பார்த்து, கண் கூசவில்லை என்று கறுப்புக் கண்ணாடியைப் புகழ்ந்த கதை.

ஹெட்போனை இறுக்கிக்கொண்டோம். வந்தாள், என் வானிலைக்காரி. பெட்டியில் கண்ணாடி மாதிரி. குச்சியில் அவளுக்குப் பின்னால் உள்ளூர் நிலையத்தின் நாதஸ்வரம் பேய் மாதிரி அலைந்தது, ஆனாலும் வந்தாள்.  ஆயிரம் மைலுக்கும் அப்பால் ஒருத்தி மூச்சு வாங்குவது எங்களுக்குக் கேட்டது. தோட்டத்தின் மேற்கு மூலையில் பன்றிகள் முட்டுக் கம்புகளை முறித்தது கேட்கவில்லை. வாழை சாய்ந்தது கேட்கவில்லை. கேட்பதையே தொழுகை மாதிரி செய்கிறவர்கள் நாங்கள். தூ.

சாப்பாடு வந்தது, சாப்பிட்டோம், படுத்தோம்.

விடிந்ததும் கணவரின் குரல்தான் எழுப்பியது. நாங்கள் போய்ப் பார்த்தோம். மேற்கு மூலை முழுக்கக் கிடந்தது. மரங்கள் மடங்கி, கிழங்கு வரை தோண்டி, முற்றாத தார்கள் மண்ணில் முகம் பதித்து. இலைகள் மட்டும் இன்னும் பச்சையாக, நடந்தது தெரியாத மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. மோட்டார் அறையில் எந்திரத்தின் விசை கீழே இருந்தது.

"ஏட்டி, நேத்து வேலி போட்டியா இல்லியா?"

"போட்டேன்."

"போட்டா விசை ஏன்ட்டி கீழ கெடக்கு? பன்னி வந்து அணைச்சிச்சோ?"

"சத்தியமா போட்டேன். சார்மாருட்ட சொல்லிட்டுத்தான போனேன். கேட்டுப் பாருங்க."

"மூதி, சீரியலுக்கு ஓடுன அவசரத்துல மறந்திருப்ப. வருசத்தத் தொலைச்சிட்டு நிக்கா பாரு!"

எங்கள் முன்னால். அந்நிய ஆண்கள் மூன்று பேர் முன்னால். அவர் முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிக்கொண்டு நின்றார். அழவில்லை. எங்களைப் பார்த்தார்.

நான் குச்சிக்காரரைப் பார்த்தேன். குனிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார், உலகத்திலேயே அவசரமான வேலை அதுதான் என்பது போல. மோட்டார் அறைப் பக்கம் போய்வந்த அவர் நடை, நின்றுபோன சொடுக்கு, எல்லாம் ஒரே நொடியில் எனக்குள் ஒன்றோடொன்று போய் ஒட்டிக்கொண்டன. அவரைத் தென்னைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன்.

"நீரு அணைச்சீரா?"

"ஒரு மணி நேரம்னு நெனச்சேன்வே. கேட்டுக்கிட்டு இருந்ததுல மறந்துட்டு."

"போய்ச் சொல்லும்."

"சொல்லி? சாஞ்ச மரம் எந்திரிக்குமா? பேட்டரி எறங்கிட்டுன்னு சொல்லிருவோம். அந்தம்மாவுக்கும் ஏச்சு இருக்காது, நமக்கும் தொல்லை இருக்காது."

பெட்டிக்காரர் வந்து சேர்ந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் அவர் முகத்தில் நான் பார்த்தது வேறு வருத்தம். தன் பெட்டி சொடுக்கைக் கொல்லவில்லை என்ற வருத்தம். அதை விழுங்கிவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "பைய பேசுங்க. இந்த எடமும் போச்சுன்னா அடுத்த வருசம் எங்கன போவோம்?"

 ஒருத்தி அங்கே வெயிலில் பொய்க்காரியாக நிற்கிறாள். இவருக்கு அடுத்த தை மாதம் கம்பி கட்ட மரம் வேண்டும்.

திரும்பிப் போய்க் கணவரிடம் சொன்னேன். "தங்கச்சி போட்டாங்க. எங்ககிட்ட சொல்லிட்டுத்தான் போனாங்க."

"சொல்லிருப்பா சார்" என்றார் அவர். "வாயால போட்டிருப்பா. கையால போட்டிருக்க மாட்டா. ஒங்களுக்கு அவளத் தெரியாது."

சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. அவள் சொல்லுக்கு இல்லாததால் என் சொல்லுக்கும் இல்லை. சரி. பெட்டிக்காரரின் மடிக்கணினியைக் கேட்காமலே எடுத்தேன். அவர் கை நீட்டினார், பிறகு மடக்கிக்கொண்டார். மோட்டார் அறைத் தொட்டியின் விளிம்பில் அதை வைத்து, முந்தின நாள் சாயங்காலத்தைத் திறந்தேன். ஹெட்போன் செருகியைப் பிடுங்கி எறிந்தேன், எல்லாருக்கும் கேட்கட்டும்.

இலங்கை வந்தது. யாரோ பாடினார்கள். கணவர் என்னைப் பைத்தியக்காரன் மாதிரி பார்த்தார்.

டக். டக். டக்.

"இது என்ன சத்தம் சார்?"

அவர் மனைவிதான் பதில் சொன்னார். "நம்ம வேலி. மெஷினு பக்கத்துல நின்னா இதே மாதிரித்தான் கேக்கும்." ஒரு எட்டு முன்னால் வந்தார். "இதுக்குள்ள எப்படி வந்துச்சு?"

சொன்னேன். வேலி துடிப்பதை ரேடியோ கேட்கும், கேட்டதை இது வைத்துக்கொள்ளும், திரையின் ஓரத்தில் ஓடுவது அந்த நேரம். கோடுகள் விழுந்துகொண்டே இருந்தன. வெள்ளைக் கோடு, வெள்ளைக் கோடு, வெள்ளைக் கோடு. பிறகு ஒரு இடத்தில் நின்றன. அதற்குப் பிறகு அருவி நீலமாக, சுத்தமாக இறங்கியது.

"நிக்குது" என்றார் அந்தப் பெண். நேரத்தைப் பார்த்தார். "அப்பம் நான் வீட்டுல ஒங்களுக்குத்தான் தோசை சுட்டுக்கிட்டு இருந்தேன். நான் போட்டது கேட்டுச்சா? கேட்டுச்சுல்லா? இப்பம் சொல்லுங்க, அணைச்சது யாரு?"

கணவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பெட்டிக்காரர் மலையைப் பார்த்தார். பதிவில் எங்கோ ஒரு ஊரின் பாட்டு கூச்சமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

குச்சிக்காரர் கடைசியில் முன்னால் வந்தார். நேராகக் கணவரிடம் போனார். அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. நாந்தான். கொஞ்ச நேரம்னு நெனச்சேன், மறந்துட்டேன்."

கணவருக்கு மூக்கு விடைத்தது. நான் ஒரு அடி எதிர்பார்த்தேன். ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம். அவர் பெட்டிக்காரரைப் பார்த்தார். மூச்சை விட்டார்.

"விடுங்க சார். சாரோட வந்தவிய. மனுசனுக்கு மறதி வராமலா இருக்கும்?"

கொஞ்சம் முன்னால் இதே வாய், இதே மறதிக்கு, மூதி என்று சொன்னது. அவள் மறந்தால் வருடத்தைத் தொலைத்தவள். இவர் மறந்தால் மனுசன். இரண்டு ஆண்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், விஷயம் முடிந்துவிட்டது. பெட்டிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதான் பெரிய மனசு" என்றார். எனக்கு அந்தக் கறுப்புப் பெட்டியைத் தூக்கித் தொட்டிக்குள் போடலாம் போலிருந்தது.

"ஏச்சு வாங்குனது நானு" என்றார் அந்தப் பெண். குரலை உயர்த்தவே இல்லை. "மன்னிப்பு வாங்குதது நீங்களா?"

கணவர், "சரி விடுட்டி, அதான் தெரிஞ்சிட்டுல்லா" என்றார்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சிட்டு. எனக்கு நேத்தே தெரியும்."

அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அறைச் சுவரில் செருகியிருந்த அரிவாளை உருவிக்கொண்டு மேற்கு மூலைக்குப் போனார். நாங்கள் பின்னால் போனோம். சாய்ந்த மரத்திலிருந்து ஒரு தாரை ஒரே வெட்டில் பிரித்தார். குச்சிக்காரர் அருகே போய், எங்கள் ஊரில் எல்லாரும் அலுவலகத்தில் சொல்வது போலச் சொன்னார்:

"சாரி மேடம்."

"மேடமாம்!" அவர் நிமிர்ந்தார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, வராமல் போனது. "அத வச்சு நான் என்ன செய்ய? இதெல்லாம் காயாவே வெம்பிப் போவும். வெயில் ஏறதுக்குள்ள ரோட்டுக்குக் கொண்டு போயி லோடு ஏத்துனா கறிக்காச்சும் போவும். தோள்ல வைங்க."

குச்சிக்காரர் கணவரைப் பார்த்தார். கணவர் தரையைப் பார்த்தார். பெட்டிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டினார். குச்சிக்காரர் குனிந்தார், ஊருக்குத் திரும்புவதற்காகக் காலையில் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு, தாரைத் தூக்கித் தோளில் வைத்தார். புதிதாக வெட்டிய காம்பு. பால் தண்ணீர் மாதிரி, நிறமே இல்லாமல், அவர் கழுத்துப் பட்டையிலிருந்து மார்பு வரை சொட்டிக்கொண்டு இறங்கியது.

வாழைக்கறை காய்ந்தால் கறுக்கும், எத்தனை வெளுத்தாலும் போகாது. எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரியும். இரண்டு பேரும் சொல்லவில்லை. நான் என் சட்டையைக் கழற்றிக் கிளையில் போட்டுவிட்டு, அடுத்த தாருக்குக் குனிந்தேன்.